மிஷின் காட்டியதைத்தான் சொன்னேன்

இந்த நாற்காலிக்குச் சாய்மானம் சரியில்லை, இன்ஸ்பெக்டரம்மா. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன். இதில் உட்கார வைத்து யாருக்கும் பிரஷர் மட்டும் பார்த்துவிடாதீர்கள். முதுகு சாயாமல், கால் தரையில் பதியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அப்புறம் நல்லா இருக்கிற மனுஷனை நோயாளி என்று சொல்லிவிடுவீர்கள். டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு திருத்தம். நேற்று உங்கள் ஆள் ஒருவர் என்னை ‘ரிட்டயர் ஆன நர்ஸம்மா’ என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் நர்ஸ் என்றால் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்க மாட்டேன். நர்ஸிங் பள்ளியில் முதல் வருஷப் பெண்களுக்கு உயிர்க்குறிகள் பாடம் எடுத்தவள் நான். சூடு, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், இந்த நாலும். நீங்கள் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு பெண் உங்கள் கையை வெடுக்கென்று இழுக்காமல் பதமாகப் பிடித்தாள் என்றால், அவள் என் மாணவியாக இருக்கலாம். வெடுக்கென்று இழுத்தாள் என்றால் அன்றைக்கு வகுப்புக்கு வராதவள்.

அந்தப் பாடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மூச்சை எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவனை அறியாமலே மூச்சை மாற்றிக்கொள்வான். அதனால் நாடி பார்க்கிற சாக்கில் மணிக்கட்டைப் பிடித்தபடியே, பார்வையை நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டு, ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். பாடப் புத்தகமே ஏமாற்றச் சொல்லித் தருகிறது. நல்லதுக்காக ஏமாற்றினால் அதற்குப் பெயர் முறை. இதைக் கேட்டு முதல் வருஷப் பெண்கள் எப்போதும் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, பரவாயில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன், லிஃப்ட் இல்லாத மாடி வீட்டில் என்னோடு இருந்தான். அம்மா போனபோது அவன் அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்தான். அப்போதிருந்து அவனுக்கு எல்லாம் நான்தான். அவனுக்காக நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று தெருவுக்கே தெரியும், நான்தான் சொல்லியிருக்கிறேன். என்னைக் கேட்டு யாரும் வரவில்லை என்பது தனி விஷயம். அவனுக்கு இரண்டு இடம் தானாக வந்தது. ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள். இன்னொருத்தி சிரிக்கவே இல்லை. இரண்டையும் நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன், அவனும் புரிந்துகொண்டான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை.

தினமும் காலையில் சாப்பாட்டு மேஜையில் அவனுக்குப் பிரஷர் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். மற்ற வீடுகளில் காலையில் பேப்பர் படிப்பார்கள், எங்கள் வீட்டில் தம்பியைப் படிப்போம். அவனுக்கு ஒரு வியாதியும் கிடையாது. ஆனாலும் மேஜைக்கு வந்ததும் தானாகவே கையை நீட்டுவான். பட்டன் மிஷின்தான், கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினால் அதுவே காற்றடித்து, அதுவே இறக்கி, எண்ணைக் காட்டிவிடும். எண் வந்ததும் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரலில் அவனே சொல்லுவான். “மேல நூத்தி இருபத்தெட்டு, கீழ எண்பது. வானிலை தெளிவாக இருக்கும்.” நான் சிரிப்பேன். இத்தனை வருஷமாக அதே ஜோக்குதான், ஆனாலும் சிரிப்பேன். ஒரு நாளில் ஒரு மனிதன் தன் கையை இன்னொருத்தரிடம் முழுசாகக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்.

அப்போதுதான் கண்ணாடிக்காரி வந்தாள். வீட்டுக்கு வரவில்லை, வாழ்க்கைக்குள் வந்தாள். கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவள், புருஷன் இல்லாதவள். அவள் கட்டிடத்து லிஃப்டைச் சரி பார்க்கப் போனவன் தன் கண்ணைச் சரி பார்த்துக்கொண்டு வந்தான். படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கினான். பிறகு வெயிலுக்கு ஒன்று. மூன்றாவது கண்ணாடி வாங்கியபோதே எனக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். ஐம்பது தாண்டியவன், இனி எங்கே போகப் போகிறான் என்று அசட்டையாக இருந்துவிட்டேன்.

ஒரு நாள் காலை மேஜையில் கையை நீட்டிக்கொண்டே சொன்னான். “அக்கா, நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அவங்க பொண்ணு இருக்கிற ஊருக்கே கடைய மாத்துறாங்க. நானும் அங்க போயிருவேன். உன்ன அடிக்கடி வந்து பாப்பேன்.”

அடிக்கடி வந்து பார்ப்பானாம். நான் என்ன மிருகக்காட்சிசாலையா.

எனக்குப் பயமாக இருந்தது, இன்ஸ்பெக்டரம்மா. கோபம் என்று உங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். கோபம் வந்தால் நான் சொல்லிவிடுவேன். இது பயம். அந்த மேஜையில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து, என் கையில் நானே பட்டையைச் சுற்றிக்கொண்டு, எண்ணை யாருக்குச் சொல்வது.

அன்றைக்கு என்ன நடந்தது என்றால், பழைய பட்டை ஒட்டாமல் பிய்ந்துகொண்டு வந்தது. நான் வேலையை விட்டு வந்தபோது பள்ளியில் எனக்குக் கொடுத்த பாடப் பெட்டி அலமாரியில் இருந்தது. அதில் மூன்று அளவில் பட்டை இருக்கும். பெரிய கை, நடுத்தரக் கை, சின்னக் கை. கைக்கு வந்ததை எடுத்துச் சுற்றினேன். சின்னக் கைக்கான பட்டை அது, பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குப் போடுவது. தம்பிக்கு மெக்கானிக் கை. இழுத்து இழுத்துத்தான் ஒட்டியது. மிஷின் காற்றடித்தது. மேல நூத்தி ஐம்பத்தெட்டு.

செய்தி வாசிக்க அவனுக்குக் குரல் வரவில்லை. “என்னக்கா இது, இவ்ளோ காட்டுது?” என்றான்.

எனக்குக் காரணம் அந்த நொடியே தெரியும். பட்டை சிறிதாக இருந்தால் எண் பெரிதாக வரும் என்பது முதல் வாரப் பாடம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே கேட்டான். “அப்ப அடுத்த மாசம் போக முடியாதாக்கா?”

அவன்தான் கேட்டான், நான் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முகம் வெளுத்துப் போய் என் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா போன அன்றைக்குப் பிடித்த மாதிரியே பிடித்தான். இத்தனை வருஷம் கழித்து அவனுக்கு நான் மறுபடியும் தேவைப்பட்டேன். அந்த நேரத்தில் போய்ப் பட்டையின் அளவைப் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை. “டாக்டர்கிட்ட காட்டிருவோம்” என்றேன். பொறுப்புள்ள பதில்தானே.

டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்லவர், படித்ததை மறக்காதவர். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதைவிட வீட்டில் வைத்துப் பார்க்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும் என்று இப்போது சொல்லிக்கொடுக்கிறார்களாம். ரொம்ப சரி, நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். “வீட்ல நீங்களே இருக்கும்போது வேற என்னம்மா வேணும்? காலையும் சாயங்காலமும் பாத்து எனக்குச் சொல்லுங்க” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டில் முறையாகப் பார்க்க வேண்டும் என்ற அடுத்த வரியை அவர் சொல்லவில்லை. என்னிடம் போய் அதை எப்படிச் சொல்வார், பாவம்.

நான் ஒரு பொய் எண்கூடச் சொன்னது கிடையாது. மிஷின் காட்டியதைத்தான் சொன்னேன். தம்பியே கண்ணால் பார்த்து, அவனே வாயால் வாசித்து, நான் டாக்டருக்குச் சொன்னேன். இதில் எங்கே பொய் இருக்கிறது என்று கோர்ட்டில் யாராவது காட்டட்டும்.

ஒரு மாத்திரை எழுதினார். மாத்திரை நல்ல மாத்திரை, வேலை செய்தது. அதுதான் சிக்கல். அவனுடைய நிஜமான அழுத்தம் இறங்க இறங்க, சின்னப் பட்டை மட்டும் போதவில்லை. நூத்தி நாற்பது, முப்பத்தெட்டு என்று இறங்கி வந்தது. தம்பி மறுபடியும் வானிலை வாசிக்க ஆரம்பித்தான். கண்ணாடிக்காரிக்குப் போன் போட்டு, “கொறஞ்சிருச்சு, நாள் பாத்துரலாம்” என்று சமையலறை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

பாடம் நடத்தியவளுக்கு மற்றதும் தெரியும். கை நெஞ்சு மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்போம். நான் மேஜையிலிருந்து துணியைத் துவைக்கப் போடுகிறேன் என்று எடுத்துவிட்டு, வெறும் மேஜை பிசுபிசுக்கிறது என்று கையைத் தொங்க விடச் சொன்னேன். கொஞ்சம் ஏறியது. கால் மேல் கால் போடக் கூடாது என்போம். அவன் போட்டுக்கொண்டான், நான் கண்டுகொள்ளவில்லை. பார்ப்பதற்கு முன்னால் ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்ல வேண்டும், மூத்திரப்பை நிறைந்திருந்தால் அழுத்தம் ஏறும். அவன் எழுந்ததும் நான் முதல் வேலையாக இரண்டு டம்ளர் தண்ணீரும் டீயும் கொடுத்து நேராக மேஜைக்குக் கூப்பிட்டுவிடுவேன். உடம்புக்குத் தண்ணீர் நல்லதுதானே.

கடைசி விதி, பார்க்கும்போது பேசக் கூடாது. மிஷின் காற்றடிக்க ஆரம்பித்ததும் நான் அக்கறையாகக் கேட்பேன். “அவங்க பொண்ணு உன்ன அப்பான்னு கூப்பிடுமா, பேர் சொல்லிக் கூப்பிடுமா?” அல்லது, “அந்த ஊர்ல உனக்கு என்ன வேல? கடைல சும்மா உக்காந்திருப்பியா?” தம்பி தடுமாறித் தடுமாறிப் பதில் சொல்வான். காதுமடல் சிவந்து போகும். எண் பதினைந்து ஏறிவிடும். கண்ணாடிக்காரி இல்லாவிட்டால் இவ்வளவு நல்ல எண் எனக்குக் கிடைத்திருக்காது, அந்த நன்றி எனக்கு அவள்மேல் உண்டு.

நான் முப்பது வருஷம் செய்யாதே செய்யாதே என்று கத்திய அத்தனை தப்பையும் ஒரே மேஜையில் செய்தேன். எந்த மாணவியும் செய்து பார்க்காத ஒன்று. தப்பை இவ்வளவு சுத்தமாகச் செய்ய, சரியை அவ்வளவு சுத்தமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது மாத்திரை வந்தது. தம்பிக்கு எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. “அக்கா, தல சுத்துது, கால் தரையில நிக்க மாட்டேங்குது” என்பான். “பிரஷர்னா அப்படித்தான் இருக்கும்” என்பேன். இதுவும் பொய் இல்லை. கூடினாலும் சுற்றும், குறைந்தாலும் சுற்றும். எது என்று அவன் கேட்கவில்லை.

வேலைக்கு லீவு போட்டான். லிஃப்ட் மேல் நின்று வேலை செய்கிறவனுக்குத் தலை சுற்றினால் என்ன ஆவது. கல்யாணம் ஒரு மாசம் தள்ளிப் போயிற்று, பிறகு இன்னொரு மாசம். அந்த இரண்டு மாசம் நாங்கள் எவ்வளவு நன்றாக இருந்தோம் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது. உப்பில்லாமல் சமைத்துப் போட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டான். எழுந்து நிற்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வான். வாசல்வரை போக வேண்டுமானாலும் “அக்கா” என்று கூப்பிட வேண்டும். வீடு முழுக்க அந்தச் சத்தம்தான். மனசு நிறைந்து இருந்தேன்.

கண்ணாடிக்காரி சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு நாள் வந்து எங்கள் மேஜையில் உட்கார்ந்து, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்களுக்கு முன்னால் எழுத்துப் பலகையை வைத்துக் கண் தெரிகிறதா என்று கேட்கிற தொழில் இல்லையா. “ரத்தமே இல்லாத மாதிரி இருக்காரேக்கா. வேற எங்கயாச்சும் ஒரு தடவ பாத்துரலாமே” என்றாள். என்னை அக்கா என்று கூப்பிட அவளுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

தம்பிதான் எனக்காகப் பேசினான். “ஊருக்கே பிரஷர் பாக்கச் சொல்லிக் குடுத்தது எங்க அக்கா. அவங்க பாத்தத இன்னொருத்தர் பாக்கணுமா?” ஆனாலும் கண்ணாடிக்காரி அவனை வேறொரு கிளினிக்குக்குக் கூட்டிப் போக நாள் குறித்துவிட்டுத்தான் போனாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நடுத்தரப் பட்டையைச் சுற்றி, கையை மேஜைமேல் வைத்து, வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும், என் இரண்டு மாசமும் பொடிப்பொடியாகிவிடும்.

கிளினிக்கில் இருந்தது என் பழைய மாணவி. நாங்கள் எலிக்குட்டி என்று கூப்பிடுவோம், அவ்வளவு சன்னமாகப் பேசுவாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற பெண். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். தம்பியை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்தாள். சரியான பட்டை. கை நெஞ்சு மட்டம். கால் தரையில். யாரையும் பேச விடவில்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மேல நூத்தி நாலு, கீழ அறுபது.

அவள் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் புருவத்தை மட்டும் லேசாகத் தூக்கினேன். வகுப்பில் தப்பான பதில் சொன்னவர்களுக்குத் தூக்குவேனே, அதே அளவுதான். அவளுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. “காலைல நீங்க பாத்தீங்களா மேடம்? எவ்ளோ இருந்துச்சு?”

“நூத்தி நாற்பத்தாறு” என்றேன். உண்மை. மிஷின் காட்டியது.

“எங்க மிஷின் கொஞ்ச நாளாவே சரியில்ல மேடம்” என்று சொல்லிவிட்டு, அங்கே இருந்த டாக்டரிடம் நூத்தி நாற்பத்தாறு என்றே போய்ச் சொன்னாள். அந்த மிஷினில் ஒரு கோளாறும் கிடையாது. தான் சரியாகச் செய்ததை நம்பாமல், டீச்சர் சொன்னதை நம்பினாள். பாதி நர்ஸ்கள் இப்படித்தான், மேலே இருப்பவர் சொன்ன எண்ணுக்கு மேல் கையில் எதுவும் தெரியாது. ஆசிரியையாக எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் இந்தப் பிள்ளைகளுக்குத் தன் கண்ணை நம்பத் தெரியவில்லையே என்று.

அந்த டாக்டர் மூன்றாவது மாத்திரை எழுதினார், உடம்பில் உள்ள நீரை மூத்திரமாகப் பிரித்து வெளியேற்றுவது. நூத்தி ஐம்பதைத் தாண்டினால் முதலில் எழுதிய சின்ன மாத்திரையில் இன்னொன்று கொடுக்கலாம் என்றும் சொன்னார். வாசலுக்கு வந்ததும் கண்ணாடிக்காரி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டேன்.

இதற்கு மேல் அவன் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும். ஆனால் அவன் என்ன நினைத்தானோ, ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னான். “எப்படியும் ஒரு நாள் சாகத்தான் போறேன். அவ கூட இருந்துட்டுச் சாகுறேன்க்கா. புதன்கிழம வண்டி எடுத்துட்டு வரா.”

உடம்புக்கு முடியாதவனை அவள் கூட்டிக்கொண்டு போகிறாளாம். அங்கே இவனுக்கு யார் பிரஷர் பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு பாடுபட்டும் இவன் போகிறான் என்றால் நான் யாருக்காகப் பாடுபட்டேன்.

புதன்கிழமை காலை. நான் சொல்வதற்கு முன்னாலேயே நீங்கள் ரெக்கார்டரைக் கொஞ்சம் பக்கத்தில் தள்ளி வைக்கிறீர்கள், புரிகிறது.

காலையில் வழக்கம்போலக் கையை நீட்டினான். கடைசித் தடவை என்று அவனே சிரித்தான். தண்ணீர் கொடுத்தேன், டீ கொடுத்தேன். கை தொங்கியது, கால் மேல் கால். மிஷின் காற்றடிக்கும்போது கேட்டேன். “நான் செத்தா தகவல் சொல்ல அவங்க நம்பரையே குடுத்துட்டுப் போறியா?” அவன் கண் கலங்கிவிட்டது. “ஏன்க்கா இப்படிப் பேசுற” என்றான். நூத்தி ஐம்பத்திரண்டு. டாக்டர் சொன்னபடியே சின்ன மாத்திரையில் இன்னொன்று கொடுத்தேன். விழுங்கினான். அவன் நிஜ அழுத்தம் அப்போது தொண்ணூறுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். இது ஊகம், அன்று காலை நான் அதை அளக்கவில்லை.

மத்தியானம் வண்டி வருகிற நேரத்துக்கு, மாடி அறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அம்மாவுடைய போர்வைகள் அதில்தான் இருக்கின்றன, கல்யாணத்துக்கு என் பரிசாக இருக்கட்டும் என்றேன். குனிந்து இழுக்க வேண்டும், தூக்கிக்கொண்டு சட்டென்று நிமிர வேண்டும், அப்படியே படியில் இறங்க வேண்டும். அந்த மூன்று மாத்திரையும் அதற்கு மேல் ஒன்றும் உள்ளே போன உடம்பு சட்டென்று நிமிர்ந்தால் ரத்தம் மூளைக்கு ஏறாது. இது இரண்டாம் மாசப் பாடம். கீழே நின்று, “தம்பி, வண்டி வந்துருச்சு, சீக்கிரம் வா” என்று கூப்பிட்டேன். வண்டி அப்போது வரவில்லை.

அவன் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. படியின் உச்சியில் தலை சுற்றி உட்கார வேண்டும், அதைக் கண்ணாடிக்காரி வந்து பார்க்க வேண்டும், இவனைக் கூட்டிப் போக முடியாது என்று அவளே சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு. அவன் உட்காரவில்லை. பெட்டி முதலில் வந்தது, அவன் பின்னால் வந்தான்.

கடைசிப் படியில் தலை அடித்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான். நான் பதறவில்லை. பதறக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் பதறினால் எப்படி. மிஷினை எடுத்து வந்தேன். அலமாரியிலிருந்து நடுத்தரப் பட்டையையும் எடுத்து வந்தேன். சின்னதைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு அதை மாட்டும்போது தம்பி இரண்டு பட்டையையும் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, எந்தத் துண்டு எதற்குப் பொருந்தும் என்பது பார்த்தால் தெரிந்துவிடும். ஏதோ சொல்ல வந்தான், வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

இந்தத் தடவை எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். இவ்வளவு நாள் கழித்து அவனைச் சரியாகப் பார்க்க ஆசையாக இருந்தது. பெட்டியிலிருந்து சிதறிய போர்வை ஒன்றை மடித்து, அதன்மேல் கையை வைத்து மட்டம் பார்த்தேன். மேல எண்பத்தாறு. நாடியை முழு நிமிடம் எண்ணினேன், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது சோம்பேறிகள் வேலை. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து அது கூவும்வரை காத்திருந்தேன். கடைசியாக, மணிக்கட்டைப் பிடித்தபடியே மூச்சை எண்ணிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“ஐயோ, ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களா?” என்று கத்தினாள்.

நான் பேசாதே என்று கையைக் காட்டினேன். எண்ணும்போது குறுக்கே பேசினால் விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும், அதனால் மறுபடி எண்ணினேன். போன் செய்தது அவள்தான். அவன் விழுந்து அதற்குள் இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், இருக்கலாம். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் வலது பக்கமும் பேச்சும் போயிருக்காது என்றும் சொன்னார்களாம். அரைகுறைத் தகவலோடு ஒரு நோயாளியை அனுப்பி வைப்பது என் பழக்கம் இல்லை.

பிறகு உங்களுக்குத் தெரியும். இவ்வளவு அழுத்தம் உள்ளவனுக்கு இவ்வளவு கீழே ஏன் இறங்கியது என்று கேட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்காரி வீட்டுக்கு வந்து மாத்திரை, மிஷின், இரண்டு பட்டை எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு போய் எலிக்குட்டியிடம் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் சின்னப் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். கிளினிக்கில் தன் மிஷின் காட்டிய எண்ணையும் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நல்லது. கொஞ்சம் தாமதமாகவாவது தேறிவிட்டாள்.

நான் செய்தேனா என்று கேட்டால், செய்தேன். பட்டையை மாற்றினேன், மாத்திரையைக் கூட்ட வைத்தேன், படியில் ஏற்றினேன், கீழே கிடந்தவனை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லாம் நான்தான், கூட யாரும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். தம்பியை எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பேச்சு வந்தாலும் அவன் சொல்ல மாட்டான்.

ஒரே ஒரு விஷயம் உங்களிடம் கேட்க வேண்டும். அவனை நான் பார்க்கக் கூடாது என்று யாரோ உத்தரவு போட்டிருக்கிறார்களாம். நீங்கள்தான் என்று வார்டில் சொன்னார்கள். முந்தாநாள் உள்ளே விட்டார்கள். கண்ணை மூடிப் படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். எழுபத்திரண்டில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்த நாடி, தொண்ணூறு, நூற்றுப் பத்து, நூற்று முப்பது என்று ஏறியது. தலைமாட்டில் இருந்த திரை கூவ ஆரம்பித்துவிட்டது. ஒரு பெண் ஓடி வந்து என் கையைப் பிடுங்கிவிட்டாள். உங்களைக் கண்டு பயப்படுறார்ம்மா, வெளியே போங்க என்கிறாள்.

நேற்று வேலைக்கு வந்த பெண், அவளுக்கு என்ன தெரியும். அவனுக்கு வாய் வரவில்லை, கை வரவில்லை, பாவம், நாடியால்தான் பேச முடிகிறது. என் விரல் பட்டதும் அது எப்படித் துள்ளியது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னைக் கண்டு அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.